ரஃப் இருந்த வீடு

ஊமத்தூரணிக்கு ஒரே ஓர் ஆங்கிலப் பெயரடை உண்டு. அது ரஃப்.

அந்தக் காலத்தில் ஊருக்கு ஒன்று வீதம் பிரித்துக் கொடுத்தபோது இவர்களுக்கு அது வாய்த்தது. பக்கத்து வேப்பங்குளத்துக்கு ஸ்வீட் போனது. அதற்கும் அடுத்த ஊர் ரவுண்டை வாங்கிக்கொண்டது. அங்கே இன்றைக்கும் பேருந்து நிலையத்துக்கு மூலை கிடையாது. ரஃப் கிடைத்ததில் ஊமத்தூரணிக்காரர்களுக்கு முதலில் மனக்குறைதான். பிறகு ஊருக்குத் தீப்பெட்டி ஆபீஸ் வந்தது. குச்சி உரசிப் பற்ற வேண்டுமென்றால் பெட்டியின் பக்கம் சொரசொரப்பாக இருந்தாக வேண்டும். மற்ற ஊர்க்காரர்கள் அதற்கு மருந்து காய்ச்சிப் பூசிக்கொண்டிருந்தார்கள். இங்கே மேஸ்திரி காலையில் பெட்டி அடுக்கின் முன்னால் நின்று, "இந்தப் பெட்டியோட பக்கமெல்லாம் ரஃப்" என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அன்றிலிருந்து யாரும் குறை சொல்லவில்லை.

ரஃப் ஒரு மாங்காய் அளவு இருக்கும். நிறம் என்று சொல்ல எதுவும் இல்லை. தொட்டால் பூனை நக்கியது போலிருக்கும். பொதுக் கட்டடத்தில் வைத்தால் பொதுச் சொத்தாகிவிடும் என்று பயந்து, அதை வீடுகளில் முறைவைத்துக் காத்தார்கள். ஆடிக்கு ஆடி ஒரு வீடு. மேஸ்திரி சொல்லும் ஒரு வாக்கியத்துக்கு அது லேசாகத் தேயும். மறுநாள் விடிவதற்குள் பழையபடி வளர்ந்துவிடும். அதற்கு மேல் யாராவது சொன்னால் தேய்ந்தது தேய்ந்ததுதான்.

அந்த ஆடியில் முறை ஜெயக்கொடி வீட்டுக்கு வந்தது.

இந்த முறையைக் கவனிக்கும் ஊர்ச் சங்கத்திலிருந்து கனிராஜ் அதைத் தகர டப்பாவில் கொண்டுவந்தான். சங்கத்துக்கு எல்லாமே அவன்தான். மணியடிப்பதும் அவன், ஆளைக் கூட்டிவருவதும் அவன். டப்பாவைக் கொடுப்பதற்கு முன்னால் வழக்கமான கேள்விகளைக் கேட்டான்.

"பொருள் சொல்லுங்கக்கா."

"சொரசொரப்பான. கரடுமுரடான. வழுவழுப்புக்கு எதிர்."

"எப்படிச் சொல்லணும்?"

"தனியாச் சொன்னா ஏறாது. ஒரு பேரோட சேத்து, முழு வாக்கியமாச் சொல்லணும். கல்லு, பலகை, ரோடு, சாக்கு, தோலு, இதுக்கெல்லாம் ஏறும். பாலுக்கும் நிலாவுக்கும் ஏறாது."

"யாரு சொல்லலாம்?"

"மேஸ்திரி மட்டும்."

"நல்லதுக்கா. வெள்ளிக்கு வெள்ளி வந்து பாப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஜெயக்கொடி டப்பாவை அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்தாள். வீட்டில் மூன்று பேர். புருஷன் எத்திராஜ் லோடு ஆட்டோவில் தீப்பெட்டிப் பண்டல் ஏற்றுகிறவன். அதிகம் பேசமாட்டான். மகள் பொன்ராணிக்கு மதுரையில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. கார்த்திகையில் சேர வேண்டும். அவளுக்கென்று வாங்கிய பச்சை டிரங்குப் பெட்டி வாசலை ஒட்டி நின்றது. வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வர முடியும். அதற்காகத்தான் ஜெயக்கொடி அதை அங்கே வைத்திருந்தாள்.

புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை கனிராஜ் ரஃப்பை எடுத்துப் புறங்கையில் இழுத்துப் பார்த்தான். திரும்பவும் இழுத்தான். பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்தான்.

"வழுக்குதேக்கா."

"எங்க?"

"இந்தப் பக்கம். சோப்பு கணக்கா இருக்கு."

"உன் கையில எண்ணெய் இருக்கும்."

"எண்ணெய் என் தலைக்கே இல்ல. வீட்டுல யாரோ சொல்லுறாங்க."

"எங்க வீட்டுல அவரு தமிழே பேசுறதில்ல. இங்கிலீசு எங்கிட்டுப் பேச?"

கனிராஜ் சிரிக்கவில்லை. டப்பாவை மூடிவிட்டு, வாசலில் இருந்த டிரங்குப் பெட்டியைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் ஏன் அதைப் பார்க்கிறான் என்று ஜெயக்கொடிக்குத் தெரியும். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விதி அது. பெயரடை எந்த வீட்டில் தேய்ந்து தீர்கிறதோ, அந்த வீட்டின் கடைக்குட்டி அதன் இடத்தில் நிற்க வேண்டும். இளசு என்றால் ரொம்ப நாள் உழைக்கும்.

வேப்பங்குளத்தில் அப்படித்தான் ஆனது. ஸ்வீட் தீர்ந்துபோன வீட்டில் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்த மகனைக் கூட்டிப்போனார்கள். இப்போது கல்யாண வீடுகளில் பாயசத்துக்கு முன்னால் நிற்கிறான். பாயசம் கொதித்து இறக்கும்வரை உட்காரக் கூடாது. முகூர்த்த நாட்களில் அவனுடைய தாய் பந்தலுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போவாள். அவன் எதுவும் கேட்பதில்லை. பெயரடைகள் எதுவும் கேட்பதில்லை.

பொன்ராணியைக் கொண்டுபோனால் எங்கே நிறுத்துவார்கள் என்பதில் சந்தேகமே இல்லை. தீப்பெட்டி அடுக்குகளுக்கு முன்னால்.

கனிராஜ் போனதும் ஜெயக்கொடி வீட்டை ஒருமுறை சுற்றிவந்தாள். அன்றிலிருந்து அவள் யாரையும் நம்பவில்லை.

ரஃப் எதன்மேல் ஏறியிருக்கிறது என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. அந்தச் சொல் ஏறிய இடத்தில் குச்சியை உரசினால் பற்றும். கல்லோ சுவரோ, எதுவானாலும் பற்றும். எதன்மேல் பற்றுகிறது என்று தெரிந்துவிட்டால், அதைப் பற்றிப் பேசுகிற வாய் யாருடையது என்பதும் தெரிந்துவிடும். அவள் முந்தானையில் ஒரு தீப்பெட்டியை முடிந்துகொண்டாள்.

முதலில் அரிசிப் பானை, அப்புறம் அடுப்பு மேடை, கதவு, கதவுக்குப் பின்னால் தொங்கும் காலண்டர். எதிலும் பற்றவில்லை. எத்திராஜ் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணயர்ந்தபோது அவனுடைய குதிகாலில் உரசினாள். வெடித்துப்போன குதிகால், அதில் பற்றாமல் வேறு எதில் பற்றும் என்று நினைத்தாள். பற்றவில்லை.

அவன் கண்ணைத் திறக்காமலே, "என்ன புள்ள?" என்றான்.

"எறும்பு."

"கொன்னுட்டியா?"

"இன்னும் இல்ல."

பொன்ராணி தலை சீவும்போது பின்னால் நின்று அவளுடைய சீப்பில் உரசினாள். செருப்பில் உரசினாள். அவள் போனில் பேசிவிட்டு வைத்ததும் அந்தப் போனில் உரசினாள்.

"யம்மா, ஸ்கிரீன் போயிரும்!"

"நீ வாயப் பாத்துப் பேசுனா எதுவும் போகாது."

"நான் என்ன பேசுனேன்?"

"அதத்தான் நானும் பாக்கேன்."

வீட்டுக்குள் ஒன்றும் அகப்படாததால் வெளியே வந்தாள். பக்கத்து வீட்டு வேலுத்தாய் மீதும் அவளுக்குச் சந்தேகம் உண்டு. வேலுத்தாய் வாயில் ஒரு சொல் அகப்பட்டால் உப்புக்கண்டம் போட்டு வைத்துச் சாப்பிடுவாள் என்று ஊரில் சொல்வார்கள். ஜெயக்கொடி அவளுடைய சுற்றுச்சுவரில் ஒரு குச்சியை உரசினாள். கொஞ்சம் தள்ளி இன்னொன்று.

வேலுத்தாய் குடத்தோடு வெளியே வந்தாள்.

"ஏத்தா, எங்க சுவத்துல என்ன கோலமா போடுற?"

"குச்சி நமுத்திருக்கா என்னன்னு பாத்தேன் மதினி."

"உங்க வீட்டுல சுவரு இல்லையா?"

"இருக்கு. அதுல பாத்துட்டேன்."

"அப்ப எம் முதுகுலயும் ஒண்ணு உரசிப் பாத்துரு. மனசு ஆறட்டும்."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். ஜெயக்கொடி உரசிப் பார்த்தாள். பற்றவில்லை. வேலுத்தாய் குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.

அந்த நாட்களில் வேறு சில தொந்தரவுகளும் சேர்ந்துகொண்டன. ஜாக்கெட்டுகளின் கைப்பகுதி நூல்நூலாகப் பிரிந்து வந்தது. மட்டமான துணியைத் தலையில் கட்டிவிட்டான் என்று தையல்காரனோடு சண்டைக்குப் போனாள். குளியல் சோப்பு ஒரு வாரம்கூட வரவில்லை. பொன்ராணிதான் கரைக்கிறாள் என்று சோப்பை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். காலைச் சுற்றிச் சுற்றி வருகிற சாம்பல் பூனை இப்போதெல்லாம் பக்கத்தில் வருவதேயில்லை. வேலுத்தாய் மீன் தலை போட்டு மயக்கியிருப்பாள் என்று எண்ணிக்கொண்டாள். எத்திராஜ் பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்தில் உட்காரும்போது நடுவில் பையை வைத்துக்கொண்டான். அது என்ன பை, அதற்குள் என்ன இருக்கிறது என்று வீட்டுக்கு வந்ததும் கவிழ்த்துப் பார்த்தாள். காலிப் பை.

காலிப் பையை எதற்கு நடுவில் வைத்தான்? அன்றிலிருந்து சந்தேகம் அவன்மேல் அதிகமானது.

வெள்ளிக்கு வெள்ளி ரஃப் வழுவழுப்பாகிக்கொண்டே வந்தது. மாங்காயாக இருந்தது எலுமிச்சையானது. கனிராஜ் இப்போது பேசுவதைக் குறைத்துக்கொண்டான். தொட்டுப் பார்ப்பான், மூடுவான், டிரங்குப் பெட்டியைப் பார்ப்பான். ஒருநாள் அதன் பூட்டை இழுத்துப் பார்த்தான்.

"நல்ல பெட்டி. இதையும் சேத்துத்தான் அனுப்புவீங்களா?"

"மதுரைக்குத்தான் அனுப்புவேன்."

"அதத்தாங்க்கா கேட்டேன்" என்றான். அவன் போனபிறகு, அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியிலும் ஓட்டிவந்த மொபெட் நின்றிருந்த மண்ணிலும் உரசிப் பார்த்தாள்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். முற்றத்தில் உட்கார்ந்து ஆபீஸுக்காகத் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். எதிர்ச்சுவரில் உரசலாம் என்று ஒரு குச்சியைக் கையில் எடுத்திருந்தாள். உள்ளேயிருந்து எத்திராஜ், "ஏ புள்ள, காப்பித்தூளு எங்க இருக்கு?" என்று குரல் கொடுத்தான். அவள் சட்டென்று திரும்பினாள். திரும்பிய வேகத்தில் வலதுகையிலிருந்த குச்சி இடதுகையின் மேல் கோடு இழுத்தது.

குச்சி பற்றியது.

அது முழுக்க எரிந்து விரலைத் தொடும்வரை ஜெயக்கொடி பார்த்துக்கொண்டிருந்தாள். தீப்பெட்டி ஆபீஸில் வேலைக்குச் சேரும் பெண்ணுக்கு முதல்நாள் சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான்: குச்சியை உன் பக்கமாக உரசாதே. அந்த ஊரில் எந்தப் பெண்ணும் உரசமாட்டாள். கை தானாகவே வெளிப்பக்கம்தான் போகும். இத்தனை நாளும் அவள் ஊரையெல்லாம் உரசிப் பார்த்தது வெளிப்பக்கமாகத்தான்.

இன்னொரு குச்சியை எடுத்து முழங்கையில் உரசினாள். பற்றியது. தோளில் பற்றியது. கன்னத்தில் மெல்லத்தான் வைத்தாள். சீறிக்கொண்டு பற்றியது.

அடுப்பங்கரை வாசலில் எத்திராஜ் நின்றிருந்தான். கையில் காலி டம்ளர்.

"யாரு சொன்னது என்னைய?" என்று கேட்டாள்.

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். பின்னாலேயே பொன்ராணியும் வந்து நின்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் வேலுத்தாய் துவைக்கும் சத்தம் நின்றுபோனது.

"டீக்கடையில ஆளாளுக்கு அவங்கவங்க வீட்டப் பத்திச் சொன்னாங்க" என்று எத்திராஜ் ஆரம்பித்தான். "ஒருத்தன் எம் பொண்டாட்டி நல்லாப் பாடுவாங்கான். ஒருத்தன் மீன்கொழம்புங்கான். என்னையப் பாத்தாங்க. எம் பொண்டாட்டி ரஃப்பான ஆளுன்னு சொன்னேன். எல்லாரும் எந்திரிச்சு இடம் கொடுத்தாங்க."

"ஒருவாட்டிதானா?"

"மறுநாளும் இடம் வேணுமில்ல."

ஜெயக்கொடி மகளைப் பார்த்தாள்.

"ஹாஸ்டலுக்கு வரப்போற பிள்ளைங்க குரூப்புல கேட்டாங்கம்மா. உங்கம்மா எப்படின்னு. எங்கம்மா ரஃப், யாரும் வாலாட்ட முடியாதுன்னு சொன்னேன். அப்புறம் சேர்ந்த பிள்ளைங்களும் கேட்டாங்க."

"மதினி, நீங்க?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

"நான் குழாயடியில மட்டுந்தான்" என்றது சுவருக்கு அந்தப் பக்கத்துக் குரல். "அதுவும் நெதமும் ஒருவாட்டிதான். கோயில்ல வச்சுக் கேட்டாலும் அதான் சொல்லுவேன். ஆனா ஒண்ணு, வாக்கியத்துல வச்சு ஒழுங்காத்தான் சொன்னேன். அரைகுறையாச் சொல்லல."

"நானும் ஒழுங்காத்தான் சொன்னேன்" என்றான் எத்திராஜ்.

ஜெயக்கொடி ஒட்டி முடித்த பெட்டிகளை ஒதுக்கி வைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷன் தன்னைப் பற்றி நல்லதோ கெட்டதோ ஒரு பெயரடைகூடச் சொன்னதில்லை என்று அவள் நினைத்திருந்தாள். சொல்லியிருக்கிறான். எங்கேயோ போய், யாரிடமோ, தினமும். பஸ்ஸில் நடுவில் காலிப் பை எதற்கு என்றும் இப்போது தெரிந்துவிட்டது. அவனுடைய சட்டையின் வலது கை மட்டும் நைந்திருந்தது.

"கேட்டுட்டுச் சொல்லணும்னு ஒருத்தருக்கும் தோணல" என்றாள்.

காப்பித்தூள் இருக்கும் இடத்தைச் சொல்லிவிட்டு அவள் மறுபடி பசையைக் குழைத்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை கனிராஜ் தனியாக வரவில்லை. சங்கத் தலைவர் நவநீதனும் மேஸ்திரியும் கூட வந்தார்கள். தலைவர் பெரிய உடம்புக்காரர். உட்காருவதற்கு முன்னால் நாற்காலியை ஆட்டிப் பார்ப்பார். கனிராஜ் டப்பாவைத் திறந்தான். உள்ளே ஒரு பட்டாணி அளவுக்கு ஏதோ உருண்டது. அவன் அதை எடுக்கப் போனான். விரலிலிருந்து வழுக்கிக் கீழே விழுந்து, தரையில் ஓடி, சாக்கடைத் துளைக்குள் போய்விட்டது.

"தீந்துபோச்சு" என்றார் தலைவர். "பாப்பா, கிளம்பு."

பொன்ராணி எழுந்தாள். அவள் ஏற்கெனவே தலை பின்னியிருந்தாள். மதுரைக்கோ சங்கத்துக்கோ, எந்த வண்டி வந்தாலும் தலை பின்னியிருக்க வேண்டும் என்பது அவளுடைய கணக்கு. எத்திராஜ் டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டான். அதற்கு மேல் என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

"இருங்க" என்று ஜெயக்கொடி முன்னால் வந்தாள். "தீந்தாத்தான நிக்கணும்? தீரல. இடம் மாறியிருக்கு."

இடதுகையை நீட்டினாள்.

தலைவர் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி தன் பையிலிருந்து ஒரு குச்சியை எடுத்தார். முதலில் நாற்காலியில் உரசினார், பற்றவில்லை. பிறகு ஜெயக்கொடியின் கையில் உரசினார். பற்றியது. தலைவர் தானும் ஒன்றை வாங்கி உரசினார். பற்றிய குச்சியில் ஒரு பீடியைப் பொருத்திக்கொண்டு யோசித்தார்.

"இருப்பு குறையலையே" என்றார் கடைசியில்.

"குறையல" என்றார் மேஸ்திரி. "முன்ன இருந்ததுக்கு இப்ப கொஞ்சம் கூடத்தான் இருக்கு."

"இவ்வளவும் யாரு சொல்லி ஏறுச்சு?"

கனிராஜ் கூரையைப் பார்த்தான். மேஸ்திரி பையைக் கட்டினார். தலைவருமே பீடிச் சாம்பலைத் தட்டுவதில் மும்முரமானார். ஜெயக்கொடி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அப்படியானால் டீக்கடையும் குழாயடியும் மட்டுமில்லை.

"சரி, அத விடு. முறைன்னு ஒண்ணு இருக்கு" என்றார் தலைவர். "பொருள் சொல்லு."

"சொரசொரப்பான. கரடுமுரடான. வழுவழுப்புக்கு எதிர்."

"எப்படிச் சொல்லணும்?"

"பேரோட சேத்து, வாக்கியமாச் சொல்லணும். அதுக்கு முன்னால எங்கிட்ட வந்து கேக்கணும்."

"யாரு கேக்கணும்?"

"மேஸ்திரி. நீங்க. இந்த வீட்டு ஆளும்தான்."

தலைவர் பீடியை அணைத்தார். அந்த நிபந்தனைக்கு மறுப்பு இல்லை என்று அர்த்தம். அவர்கள் போகும்போது கனிராஜ் வாசலில் நின்று, "அக்கா, போன மாசம் சங்கத்துல நானும் ஒருவாட்டி" என்று இழுத்தான்.

"தெரியும். போ."

கார்த்திகை பிறந்ததும் பொன்ராணி மதுரைக்குப் போனாள். டிரங்குப் பெட்டியை எத்திராஜ் பஸ்ஸின் மேலே ஏற்றிக் கயிறு கட்டினான். ஜன்னலோரம் உட்கார்ந்த மகளின் கன்னத்தைத் தொடக் கையை நீட்டிய ஜெயக்கொடி, நடுவழியில் கையை இழுத்துக்கொண்டாள். பொன்ராணி அந்தக் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். கன்னத்தில் சிவப்பாகக் கோடு விழுந்தது. பஸ் போய்விட்டது.

அதன்பிறகு தினமும் காலையில் ஜெயக்கொடி தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனாள். மேஸ்திரி, "சொல்லிக்கட்டுமா தாயி?" என்று கேட்பார். அவள் தலையசைப்பாள். அவர் சொல்வார். அவள் வீட்டுக்கு வந்து பெட்டி ஒட்டுவாள். எத்திராஜ் டீக்கடைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று அவள் முகத்தைப் பார்ப்பான். சில நாள் தலையசைப்பாள். அசைக்காத நாட்களில் அவன் டீக்கடையில் நின்றுகொண்டே குடித்துவிட்டு வந்தான். சாம்பல் பூனை மட்டும் திரும்பி வரவில்லை.

மார்கழியில் ஒருநாள் மத்தியானம் வாசலில் ஒரு மினி வேன் வந்து நின்றது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கடல் வந்திருந்தது. கூட யாரும் இல்லை. வாசலில் கால் கழுவிக்கொண்டு, நிலைக்குக் குனிந்து உள்ளே வந்தது. எத்திராஜ் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். காப்பி போட்டுக்கொண்டு வந்து கொடுத்தான். கடல் சர்க்கரை வேண்டாம் என்றது.

"என்ன விஷயமா?" என்று ஜெயக்கொடி கேட்டாள். அவளுக்குச் சந்தேகம் விடவில்லை.

"ஐப்பசியில சாக்கடைத் தண்ணியோட பட்டாணி கணக்கா ஒண்ணு வந்து விழுந்துச்சு, அதுலருந்து ரொம்ப வழுவழுன்னு கிடக்கேன்" என்றது கடல். "படகெல்லாம் நிக்க மாட்டேங்குது. வழுக்கிக்கிட்டுப் போய்க் கரையேறிருது. நீங்க ஒருநாள் வந்து முன்னால நின்னீங்கன்னா சரியாப் போகும்னு சொன்னாங்க."

"யாரு சொன்னாங்க? என்னையப் பத்தி நீங்க யாருகிட்டயாவது ஏதாவது சொன்னீங்களா?"

"இல்லைங்க" என்றது கடல். "கேட்டுட்டுச் சொல்லுவோம்னுதான் வந்தேன்."

ஜெயக்கொடி பசைத் தட்டைப் பார்த்தாள். பாதிப் பெட்டிகள் ஒட்டாமல் கிடந்தன.

"இத முடிக்கணும். அப்புறம் வாரேன்."

"முடிங்க" என்றது கடல். அதுவரை சும்மா இருப்பானேன் என்று நாற்காலியிலிருந்து இறங்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தட்டைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்துப் பெட்டி ஒட்ட ஆரம்பித்தது. கை சுத்தமாகத்தான் இருந்தது, ஆனால் ஈரத்தில் பசை பிடிக்கவில்லை. அது ஒட்டிய பெட்டிகளை எத்திராஜ் ஒவ்வொன்றாக எடுத்துப்போய் வெயிலில் வைத்தான்.